வட்டுக் கணக்கின் செப்பம்

எழுதுதல் ஒன்று, எழுதியதைப் பேணுதல் மற்றொன்று. ஓலைச் சுவடிக்குக் கரையானும் ஈரமும் பகை. காகிதத்திற்கு நெருப்பும் நீரும் பகை. கணினியின் வட்டில் எழுதப்படும் கோப்புகளுக்கோ, தொடங்கிய செயல் முடியுமுன் மின்சாரம் நின்றுபோதல் பெரும்பகையாகும்.

ஒருவர் தம் பாட்டியார் சொல்லக் கேட்ட பழங்கதைகளையெல்லாம் லினக்சு இயங்கும் கணினியில் எழுதி வைத்திருந்தார் என்று கொள்க. பாட்டியார் காலமாகிவிட்டார். கதைகளுக்கு வேறு படியும் இல்லை. ஓரிரவு அவர் எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் திடீரென நின்றது. மறுநாள் காலையில் கணினியை இயக்கியபோது வழக்கமான திரை தோன்றவில்லை. கரிய திரையில், ‘எதிர்பாராத முரண்பாடு, எஃப்.எஸ்.சி.கே.யை நேரில் இயக்குக’ என்னும் பொருள்பட ஆங்கில வரி ஒன்று நின்றது. இவ்வரியைக் கண்டு அஞ்சி, கைக்கு வந்த விசைகளையெல்லாம் தட்டிக் கெடாதிருந்ததையும் கெடுத்துக்கொண்டோர் உளர். அதன் பொருளை அறிய வேண்டுமாயின், வட்டில் கோப்புகள் எவ்வாறு வைக்கப்படுகின்றன என்பதனை முதற்கண் அறிதல் வேண்டும்.

வட்டின் பரப்பு முழுவதும் ஒரே அளவுள்ள சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. லினக்சில் பெரும்பாலும் ஒரு கட்டம் 4096 பைட்டு கொள்ளும். ஒரு கோப்பு ஒரே இடத்தில் தொடர்ந்து இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. அதன் பகுதிகள் பல கட்டங்களில் சிதறியும் கிடக்கலாம். எப்பகுதி எக்கட்டத்தில் உள்ளது என்பதனைக் காட்டும் குறிப்பு, கோப்பு ஒன்றுக்கு ஒன்றாக வேறோரிடத்தில் எழுதப்பட்டிருக்கும். அதற்கு ஐநோடு என்று பெயர். ஒவ்வோர் ஐநோட்டிற்கும் ஓர் எண் உண்டு. கோப்பின் அளவு, அதற்கு உரியவர், கடைசியாகத் திருத்தப்பட்ட காலம், அது தங்கியுள்ள கட்டங்கள், அதற்கு வழங்கும் பெயர்களின் தொகை ஆகிய யாவும் அதனுள் அடங்கும்.

ஆயின், ஐநோட்டில் கோப்பின் பெயர் மட்டும் இல்லை! இதனை முதன்முதற் கேட்போர் வியப்புறுவர். பெயர் இருக்கும் இடம் அடைவு என்பதாகும். அடைவு என்பது ஒருபுறம் பெயரும் மறுபுறம் ஐநோட்டு எண்ணும் எழுதிய பட்டியலேயன்றி வேறன்று. ஒரே எண்ணை இரண்டு அடைவுகளில் இரண்டு பெயர்களால் எழுதலாம். ஒருவரையே வீட்டார் ஒரு பெயராலும் ஊரார் வேறொரு பெயராலும் அழைப்பதைப் போன்றது இது. எத்தனை இடங்களில் அவ்வெண் எழுதப்பட்டுள்ளதோ அத்தொகையே ஐநோட்டில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பெயரை நீக்கினால் தொகையில் ஒன்று குறையும். தொகை பூச்சியமாகிய பின்னரே கட்டங்கள் வேறு கோப்புகளுக்கு விடப்படும்.

இவையன்றி, எக்கட்டம் நிரம்பியது, எக்கட்டம் வெறுமையானது என்பதற்குக் கட்டத்திற்கு ஒரு பிட்டு வீதம் எழுதிய பட்டியலும் உண்டு. மொத்தக் கட்டங்கள் எத்துணை, எஞ்சியவை எத்துணை எனத் தொகுத்துரைக்கும் தலைமைக் கட்டமும் உண்டு. ஆங்கிலத்தில் இதனைச் சூப்பர்பிளாக் என்பர்.

இனி, புதிய கோப்பு ஒன்றைச் சேமிக்கும்போது நிகழ்வதைக் காண்க. பயனர்க்கு அது ஒரே செயல். கணினிக்கோ அது பல செயல். வெற்றைடப் பட்டியலில் சில கட்டங்களைக் கைக்கொள்ளவேண்டும், ஐநோட்டை நிரப்பவேண்டும், அடைவில் பெயரை எழுதவேண்டும், எஞ்சிய கட்டங்களின் தொகையைக் குறைக்கவேண்டும். இவற்றையெல்லாம் கணினி அப்பொழுதைக்கப்பொழுது வட்டில் எழுதுவதில்லை. விரைவின் பொருட்டு நினைவகத்தில் வைத்திருந்து, பின்னர்த் தனக்கு வாய்ப்பான வரிசையில் எழுதுகின்றது. பெயர் எழுதப்பட்டு ஐநோடு நிரம்புமுன் மின்சாரம் நின்றால், ஆளில்லாத பெயர் ஒன்று அடைவில் தங்கும். ஐநோடு நிரம்பிப் பெயர் எழுதப்படாதொழிந்தால், பெயரில்லாத கோப்பு ஒன்று வட்டில் கிடக்கும். திரை கூறிய ‘முரண்பாடு’ இத்தகையதே.

அமெரிக்க நாட்டில் நியூஜெர்சி மாநிலத்தைச் சார்ந்த மர்ரே ஹில் என்னும் ஊரில் உள்ள பெல் ஆய்வகத்தில், கென் தாம்சன், டென்னிசு ரிட்சி முதலியோர் 1969-ஆம் ஆண்டில் யூனிக்சு இயங்குதளத்தை ஆக்கத் தொடங்கினர். ஐநோடு, அடைவு ஆகியவற்றின் அமைப்பு அவர்கள் தந்ததேயாகும். அக்காலத்தில் கட்டங்களின் கணக்கைப் பார்க்க ஐசெக் என்றொரு கருவியும், பெயர்த்தொகையைப் பார்க்க டிசெக் என்றொரு கருவியும் தனித்தனியே இருந்தன. அவை பெரும்பாலும் பிழையைச் சுட்டும். திருத்துதலோ வட்டின் அமைப்பை நன்கறிந்தவர் கையால் செய்யவேண்டிய நுண்வேலையாயிருந்தது. 1970-களின் பிற்பகுதியில் டி. ஜே. கோவால்ஸ்கி என்பவர் இவ்வேலைகளையெல்லாம் ஒன்றாக்கி, கேள்வி கேட்டுத் திருத்தும் ஒரே கட்டளையாக இயற்றினார். அதுவே எஃப்.எஸ்.சி.கே. ஆகும். பின்னர்ப் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் கிர்க் மெக்குசிக் அதனைத் தம் விரைவுக் கோப்புமுறைமைக்கு ஏற்ப விரித்தமைத்தார். இன்று லினக்சில் எக்சுட்4 முதலிய முறைமைகளைச் சோதிப்பது ஈ2எஃப்எஸ்சிகே என்னும் அதன் வழித்தோன்றல்.

இக்கருவி மந்திரம் ஒன்றும் செய்வதில்லை. அதன் திறம் முழுவதும் ஓர் உண்மையைப் பற்றியே நிற்கின்றது: வட்டில் சில செய்திகள் இரண்டு இடங்களில் எழுதப்பட்டுள்ளன. ஓரிடத்தில் உள்ளதை மற்றோரிடத்தில் உள்ளதோடு ஒப்பிட்டால் பிழை வெளிப்படும். ஒன்று கெட்டிருப்பின் மற்றொன்றைக்கொண்டு அதனைத் திருத்தலாம். ஓரிடத்தில் மட்டுமே எழுதப்பட்ட செய்தி கெட்டால், ஒப்பிடுதற்கு யாதும் இல்லை. ஆகவே அதனை மீட்டல் இக்கருவியால் இயலாது.

ஈ2எஃப்எஸ்சிகே வட்டினை ஐந்து சுற்றுகளாக ஆராய்கின்றது. முதற்சுற்றே மிக நீண்டது. அதில் எல்லா ஐநோடுகளையும் ஒன்றுவிடாது படிக்கின்றது. வட்டில் உள்ள பட்டியலை நம்பாது, எந்தெந்தக் கட்டம் எக்கோப்பிற்கு உரியது என்று தானே புதிய பட்டியல் ஒன்றை நினைவகத்தில் எழுதிக்கொள்கின்றது. ஒரு நிலத்திற்கு இருவர் பட்டா காட்டுவதுபோல, ஒரே கட்டத்தை இரண்டு கோப்புகள் தமதென்று கூறுதலும் உண்டு. அவ்வழக்கில் கருவி தீர்ப்பு வழங்குவதில்லை. பயனர் இசைந்தால் அக்கட்டத்திற்குப் படி எடுத்து இரு கோப்புகளுக்கும் ஒவ்வொன்று தந்துவிடுகின்றது. அதில் உள்ள எழுத்து உண்மையில் யாருடையது என்பதனைக் கோப்பைத் திறந்து படிக்கும் மனிதரே அறிவர்.

இரண்டாம் சுற்றில் அடைவுகள் ஆராயப்படுகின்றன. பயன்படாத ஐநோட்டைச் சுட்டும் பெயர் இருப்பின், அப்பெயரை நீக்க இசைவு கேட்கின்றது. மூன்றாம் சுற்றில், ஒவ்வோர் அடைவிலிருந்தும் மேல்நோக்கிச் சென்றால் வேர் அடைவினை அடைய முடிகின்றதா என்று பார்க்கின்றது. நான்காம் சுற்று பெயர்த்தொகையைப் பற்றியது. அடைவுகளில் உண்மையாக எண்ணிய தொகை இரண்டு, ஐநோட்டில் எழுதிய தொகை மூன்று என்றால், மூன்றை இரண்டாக்குகின்றது. எண்ணியதில் ஒன்றும் இல்லாது, ஐநோட்டில் மட்டும் கோப்பு உயிரோடிருப்பின், அதனை லாஸ்ட்+ஃபவுண்டு என்னும் தனி அடைவில் சேர்க்கின்றது. ஐந்தாம் சுற்றில், தான் எழுதிய புதிய பட்டியலை வட்டின் பழைய பட்டியலோடு ஒப்பிட்டுத் தொகைகளை நேர்செய்கின்றது.

தலைமைக் கட்டமே கெட்டால் இவற்றுள் ஒன்றும் தொடங்காது. ஆதலின் அதற்குப் பல படிகள் வட்டின் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டுள்ளன. 4096 பைட்டுக் கட்டம் ஒன்றில் 32768 பிட்டு அடங்கும். ஒரு கட்டம் அளவுள்ள பட்டியல் அத்தனை கட்டங்களுக்கே கணக்கு வைக்கும். ஆகவே அத்தனை கட்டங்கள் சேர்ந்து ஒரு குழுவாகின்றன. 0-இலிருந்து எண்ணினால் அடுத்த குழு 32768-ஆம் கட்டத்தில் தொடங்கும். முதற்படி அங்கே உள்ளது. ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தோடு அவ்வெண்ணைக் கட்டளையில் சேர்த்தால், கருவி அப்படியைக்கொண்டு வேலையைத் தொடங்கும்.

கருவியை ஆளும் முறையில் கருதத்தக்கவை சில உள. பயன்பாட்டில் இணைந்திருக்கும் வட்டின்மேல் அதனை ஒருபோதும் திருத்த விடலாகாது. இயங்குதளம் நினைவகத்தில் ஒரு கணக்கு வைத்திருக்க, கருவி வட்டில் வேறொரு கணக்கு எழுதினால், ஒரே பேரேட்டில் இரு கணக்கர் ஒருவரையொருவர் அறியாது எழுதிய கதையாக முடியும். வட்டினை முதலில் விடுவித்தல் வேண்டும். வேர் அடைவே அவ்வட்டில் இருப்பின், வேறொரு வட்டிலிருந்து கணினியை இயக்குதல் வேண்டும். அதன்பின் ‘என்’ என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்துக் கட்டளையிட்டால், கருவி எல்லாக் கேள்விகட்கும் ‘இல்லை’ என்று தானே விடை கொண்டு, ஒன்றையும் மாற்றாது, கண்ட பிழைகளை மட்டும் காட்டும். நோயறிந்த பின்னரே மருந்து.

‘ஒய்’ என்னும் எழுத்தைச் சேர்த்தாலோ எல்லாவற்றிற்கும் ‘ஆம்’ என்றாகிவிடும். பலர் இதனையே முதலிற் செய்கின்றனர், இது நல்வழக்கன்று. கருவி கேட்கும் கேள்விகளுள் ‘துடைத்துவிடவா?’ என்பதும் ஒன்று. சிதைந்த ஐநோட்டைத் துடைத்துவிட்டால் கணக்கு நேராகும் என்பது உண்மையே. அக்கோப்பின் கட்டங்கள் எங்கே என்று காட்டிய ஒரே குறிப்பும் அதனோடு போய்விடும். கருவி காப்பது கணக்கின் ஒருமைப்பாட்டினை. கோப்பின் உள்ளே இருக்கும் கதையை அன்று. வட்டே பழுதுற்றுப் படிக்கத் தடுமாறுமாயின், திருத்தவே புகலாகாது. டிடிரெஸ்கியூ போன்ற கருவியால் இயன்ற வரையில் வேறொரு வட்டிற்குப் படி எடுத்து, அப்படியின்மேல் எஃப்.எஸ்.சி.கே.யை இயக்குவதே தக்கது. படி ஒன்று கையில் இருந்தால், ‘ஆம்’ என்பதற்கும் அஞ்சவேண்டியதில்லை.

வட்டுகள் பெருகப் பெருக இச்சோதனை மணிக்கணக்கில் நீண்டது. அதனைத் தவிர்க்க, செய்யப்போகும் மாற்றத்தை முன்னதாக ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பின்னர்ச் செய்யும் முறை வந்தது. ஸ்டீபன் டுவீடி இயற்றிய எக்சுட்3 இம்முறையோடு 2001-ஆம் ஆண்டில் லினக்சில் சேர்ந்தது. மின்சாரம் நின்றாலும், அக்குறிப்பேட்டைப் படித்து அரைகுறையாய் நின்றதைச் சில நொடிகளில் முடித்துவிடலாம். எனினும் வட்டுக் கருவியே பிழைபட எழுதியிருப்பின் குறிப்பேடு உதவாது. அப்பொழுது பழைய ஐந்து சுற்றுகளே துணை.

பாட்டியார் கதைகளை எழுதியவர்க்கு நேர்ந்ததும் அதுவே. கதைகள் இருந்த அடைவின் கட்டம் சிதைந்துவிட்டது. அவர் வட்டிற்குப் படி எடுத்தார். படியின்மேல் முதலில் மாற்றமின்றிச் சோதித்தார். பின்னர் ஒவ்வொரு கேள்வியாகப் படித்து விடையளித்தார். முடிவில் கருவி 1 என்னும் எண்ணைத் தந்தது. பிழைகள் திருத்தப்பட்டன என்பது அதன் பொருள். 4 என்று வந்திருப்பின், திருத்தப்படாத பிழை எஞ்சியது என்றாகும்.

லாஸ்ட்+ஃபவுண்டு அடைவினைத் திறந்தார். அங்கே கதைத் தலைப்பு ஒன்றும் இல்லை; ஒரு குறியும் அதனையடுத்து ஐநோட்டு எண்ணுமாக நாற்பதுக்கு மேற்பட்ட கோப்புகள் கிடந்தன. பெயர் அடைவில் மட்டுமே எழுதப்பட்டிருந்தமையின், அடைவோடு பெயரும் அழிந்தது. கயிறறுந்து முகப்பேடு இழந்த சுவடிகளை உள்ளே படித்து இன்ன நூல் என்று துணிவதுபோல, அவர் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படித்தார். சில, கணினி தனக்கென வைத்திருந்தவை, அவற்றை ஒதுக்கினார். பாட்டியார் கதை தொடங்கும் வாய்பாட்டை முதல் வரியிலேயே கண்டுகொண்டவற்றை ‘எம்.வி.’ என்னும் கட்டளையால் பெயரிட்டுப் புதிய அடைவில் வைத்தார். மாலைக்குள் முப்பத்தொரு கதைகள் பெயர் பெற்றன. மின்சாரம் நின்ற இரவில் எழுதிய கதை மட்டும் எந்த எண்ணிலும் இல்லை; அது வட்டினை வந்தடையவேயில்லை. அவர் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, நினைவில் நின்றவாறு அதனை முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.