விரல் உருட்டல்

இசைக்கருவி பயிலத் தொடங்கும் இளைஞர் பெரும்பாலும் விரைவையே விரும்புவர். ஒரு சுரத்தை எவ்வாறு எழுப்புவது என்று வினவுவாரேயன்றி, எழுப்பியதனை எவ்வாறு அடக்குவது என்று வினவுவார் மிகச் சிலர். யாமும் அக்குற்றத்தினின்று நீங்கினோம் அல்லோம். பாஸ் கிதார் என்னும் தாழ்சுரக் கருவியில் ‘விரல் உருட்டல்’ பயின்ற பின்னரே அவ்வுண்மை எமக்குப் புலப்பட்டது. அதனை உடன்மாணவர்க்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னொரு விடுமுறையில், காரைக்காலைச் சார்ந்த எம்மூராகிய நெடுங்காட்டில், ஆலயப் பாடகர் குழுவிற்கு யாம் இக்கருவியை வாசித்தோம். விரல்கள் தடையின்றி ஓடுகின்றன என்று எமக்குள் மகிழ்ந்தோம். ஆயினும் பாடலின் நடுவே சபையார் குரல் தளர்ந்தது. ஆராதனை முடிந்தபின் குழுவை நடத்தும் முதியவர் எம்மை அழைத்து, “தம்பி, ஒரு சுரம் போகுமுன்னே அடுத்தது வந்து நிற்கிறது. நாங்கள் எதைப் பற்றிக்கொண்டு பாடுவது?” என்றார். யாம் நாணி நின்றோம்.

அவர் கண்ட பிழை யாது? இக்கருவியின் தந்திகள் நான்கும் முறையே ஈ, ஏ, டி, ஜி என்னும் சுரங்களுக்குச் சுருதி கூட்டப்படுவன. அடுத்தடுத்த இரு தந்திகளுக்கு இடையே உள்ளது, சட்சத்திற்கும் சுத்த மத்திமத்திற்கும் உள்ள தூரம். ஆதலின், ஒரே மெட்டில் ஒரு தந்தியினின்று அயல் தந்திக்குச் செல்லும் தேவை அடிக்கடி நேரும். விரலைத் தூக்கி அயல் தந்தியில் வைத்தால், இடையே ஒலி அறுபடும். விரலைப் படுக்கவைத்து இரண்டையும் ஒருங்கே அழுத்தினால், ஈரொலியும் கலந்து நிற்கும். ஈ தந்தி வெறுமே ஒலிக்குங்கால் நொடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிர்கின்றது. இத்துணைத் தாழ்ந்த சுரங்கள் இரண்டு கலப்பின் செவிக்கு ஒன்றும் தெளியாது. யாம் செய்த பிழை இதுவே. இதற்கு மருந்து, விரலைத் தூக்காமலும் கிடத்தாமலும் உருட்டுதல்.

‘உருட்டல்’ என்னும் சொல் தமிழர் இசைக்குப் புதியதன்று. காரைக்காலுக்கு வடக்கே அதே கடற்கரையில் அமைந்த புகாரில் நிகழும் சிலப்பதிகாரக் கானல்வரியில், வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்னும் எண்வகை இசைக்கரணங்கள் கூறப்படுகின்றன. சுட்டுவிரல் தனித்து உருட்டுதலும், பெருவிரலோடு கூடி உருட்டுதலும் முதலாக உருட்டலின் வகைகளைப் பழைய உரை விளக்குகின்றது. யாழுக்கு மெட்டுக்கள் இல்லை. ஆதலின் அவ்வுருட்டலும் இவ்வுருட்டலும் ஒன்றே என்று யாம் சாதிக்கவில்லை. எம்மைக் கவர்ந்தது வேறொன்று. மாதவி இக்கரணங்களைச் செய்வது பாட்டுத் தொடங்கு முன்னர். விரல் செய்ததைத் தன் செவியால் ஆராய்ந்து தெளிந்த பின்னரே அவள் யாழைக் கோவலன் கையில் நீட்டுகின்றாள். விரலின் தொழிலுக்குச் செவியே நீதிபதி என்பதை இதனினின்று கற்றோம்.

இனிப் பயிலும் முறை. இடக்கைச் சுட்டுவிரலின் நுனியால் ஈ தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தி மீட்டுக. ஏ சுரம் ஒலிக்கும். பின் விரலை எடாமல், அதன் கடைக்கணுவைச் சற்றே நிமிர்த்தி, நுனியை அடுத்த சதைப்பகுதியால் அயலிலுள்ள ஏ தந்தியை அழுத்தி மீட்டுக. டி சுரம் ஒலிக்கும். அக்கணமே விரல்நுனி ஈ தந்தியை அழுத்துதலை விட்டு, அதனைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருத்தல் வேண்டும். அத்தொடுகையே முன்னைய ஒலியை அடக்குவது. இறங்குங்கால் இதன் மறுதலை: முதலில் சதைப்பகுதியால் ஏ தந்தியை ஒலிப்பித்து, பின் கணுவை வளைத்து நுனியின்மேல் எழுதல்.

மெட்ரோனோம் என்னும் தாளங்காட்டியை நிமிடத்திற்கு 50 தட்டாக அமைத்து, ஒரு சுரத்திற்கு இரண்டு தட்டு வீதம் தொடங்குக. நான்கு விரல்களுக்கும் தனித்தனியே ஐந்து நிமிடம் போதும். சிறுவிரல் முதலில் இணங்காது. அதனை வெகுளுதல் வேண்டா. பெருவிரல் கருவியின் கழுத்துக்குப் பின்னே இலேசாகத் தங்குக. மணிக்கட்டு நொந்தால் உடனே நிறுத்துக.

பயிற்சி செம்மையுற்றதா என அறிய ஓர் எளிய சோதனை உண்டு. உருட்டி மீட்டியவுடன், வலக்கையால் இரண்டாம் தந்தியை அடக்குக. கருவி முழுதும் அமைதியுற்றால் உருட்டல் செம்மையானது. முதற்சுரம் எஞ்சி ஒலிக்குமாயின், விரல் உருளவில்லை, கிடந்தது. எமக்கு முதல் இரண்டு வாரங்களும் அது கிடந்தே ஒழிந்தது. விரைவை விட்டுச் செவியை நாடிய பின்னரே உருளத் தொடங்கிற்று.

தாழ்சுரக் கருவியைச் சபையார் தனியே உற்றுக் கேட்பதில்லை; அதன்மேல் நின்று பாடுகின்றனர். நிலம் உறுதியாயிருக்கும்வரை நடப்பவன் நிலத்தை நினையான்.

அடுத்த விடுமுறையில் நெடுங்காட்டில் மீண்டும் வாசித்தோம். முதியவர் ஒன்றும் கூறவில்லை. சபையார் இறுதியடி வரை குரல் தளராது பாடினர்.