ஒழுகும் மாடியும் ஒரு வாளி கோட்டிங்கும்



சிவில் டிப்ளமா படிக்கிறோம் என்று தெரிந்தாலே ஊரில் கேட்கிற முதல் கேள்வி, "தம்பி, எங்க மாடி ஒழுகுதே, எந்தக் கோட்டிங் அடிக்கலாம்?" என்பதுதான். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் வாயில் வருவதை நம்பிச் செலவு செய்துவிடுவார்களே என்ற பயத்தில்தான் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்தேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழை நம் அரூரில் ஒரே நாளில் 33 செ.மீ. கொட்டியது. பக்கத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. அதுவரை ஒழுகாத தார்சு வீடுகளும் அன்றைக்கு ஒழுகின. மழை விட்டதும் எங்கள் தெருவில் ஒருவர் 20 லிட்டர் வாளி ஒன்று வாங்கி, 500 சதுர அடி மாடி முழுக்க அடித்தார். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. அடுத்த மழைக்கே பழைய இடத்தில் சொட்டியது.

ஏன்? 500 சதுர அடி என்பது சுமார் 46 சதுர மீட்டர். வாளியில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், காய்ந்தபின் மிஞ்சுவது 10 லிட்டர். அதை 46 சதுர மீட்டரில் பரப்பினால் கனம் வெறும் 0.2 மி.மீ. காய்ந்து 1 மி.மீ. நிற்க வேண்டுமானால் 100 சதுர அடிக்கே ஒரு வாளி போல ஆகும். இதில் பெயிண்டர் தண்ணீர் கலந்து இழுத்தால் சொல்லவே வேண்டாம். பிரைமர் கோட்டுக்கு மட்டும்தான் தண்ணீர். அதுவும் வாளியில் போட்டிருக்கிற அளவுக்குத்தான்.

கனம் எதற்கு என்று கேட்பீர்கள். 10 மீட்டர் நீள காங்கிரீட், 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 3 மி.மீ. நீளும். ராத்திரி மறுபடி சுருங்கும். விரிசல் தினமும் திறந்து மூடுகிறது. சிமெண்ட் பால் ஊற்றினால் அது நீளாது, மறுபடி வெடிக்கும். அக்ரிலிக் கோட்டிங் ரப்பர் மாதிரி இழுபடும். ஆனால் மெல்லிசாக இருந்தால் அதுவும் கிழியும். அதனால் விரிசலை 'வி' வடிவில் வெட்டி, பாலிமர் கலவை அடைத்து, மேலே ஃபைபர் வலை பதித்து, அதன்மேல்தான் ரெண்டு கோட். முதல் கோட் ஒரு திசை, ரெண்டாவது அதற்குக் குறுக்கே.

அதைவிட முக்கியம் வாட்டம். நூற்றுக்கு ஒன்றாவது சரிவு இல்லாத மாடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். தேங்கிய தண்ணீரில் ஊறினால் நல்ல அக்ரிலிக்கும் உரியும். என் அம்மா சித்தாள் வேலைக்குப் போனவர். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, கட்டையால் நாள் கணக்கில் அடித்து, மேலே தட்டோடு பதித்த கதையைச் சொல்வார். "அப்ப வாட்டம் பாத்துட்டுதான்டா மத்ததெல்லாம்" என்பார். நம் புத்தகத்தில் வெதரிங் கோர்ஸ் என்று நாம் மனப்பாடம் செய்வது அதைத்தான். கைப்பிடிச் சுவர் சேரும் மூலை, மழைத்தண்ணி பைப்பின் வாய், இந்த இரண்டையும் கண்டிப்பாகப் பாருங்கள். நான் பார்த்த ஒழுகல்களில் பாதிக்கு மேல் அங்கேதான்.

ஈரத்தில் அடிக்கக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி விட்டுப் பாருங்கள். காலையில் அடியில் நீர் முத்து இருந்தால் இன்னும் காயவில்லை. நம் மாவட்டத்துக்குத் தை முதல் பங்குனி வரை தோதான காலம். உச்சி வெயிலிலும் வேண்டாம், மேலே மட்டும் சீக்கிரம் காய்ந்து கொப்புளம் விடும்.

பழைய தொகுப்பு வீடுகளில் சீலிங் பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். துரு பிடித்த கம்பி பருத்து காங்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. அங்கே எந்தக் கோட்டிங்கும் உதவாது. அந்த வீட்டுக்காரர் கேட்டால் வாளி பெயரைச் சொல்லாதீர்கள். முதலில் அதன் கீழே யாரும் படுக்க வேண்டாம் என்று சொல்லி, இன்ஜினியர் ஒருவரை அழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.