கிளித்தட்டும் பங்குக் கிணறும்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்தோரும், 1995 ஒக்டோபர் இறுதியில் தென்மராட்சிக்கு நடந்தோரும் அறிவர்: பல ஊரவர் ஒரே கிணற்றில் இறைக்கையில் முறை வைப்பதிலேயே முதற் பிணக்கு எழும். பெரியவர்கள் பேசித் தீர்க்கலாம். ஆனால் நாளை சேர்ந்து இறைக்கப் போகிறவர்கள் இளைஞர்களே. அவர்களைப் பழக்க நாம் சொல்வது கிளித்தட்டு.

அறுவடை முடிந்த வயல் போதும். மண்வெட்டியால் கோடு கீறலாம். நடுவே ஒரு நீளக்கோடு, ஆட்தொகைக்கேற்பக் குறுக்குக் கோடுகள். மறிப்பவர்கள் தத்தம் குறுக்குக் கோட்டிலேயே நிற்பர். கிளி மட்டும் நடுக்கோட்டில் ஓடித் திரியலாம். மற்றக் கட்சி அடிபடாமல் எல்லாத் தட்டுகளையும் கடந்து திரும்ப வேண்டும்.

வேகமாக ஓடுபவர் தனியே வெல்ல முடியாது. ஒருவர் போக்குக் காட்டி மறிப்பவரை ஒரு பக்கம் இழுத்தால்தான் மற்றவர் மறுபக்கத்தால் நுழையலாம். திரும்பி வரும் 'பழமும்' இன்னும் போய் முடியாத 'காயும்' ஒரே தட்டில் நிற்கக்கூடாது என்ற விதியும் உண்டு. ஆகவே முன்னே போனவரும் பின்னே நிற்பவரைக் கவனித்தே கால் வைக்க வேண்டும்.

ஊருக்கு எதிர் ஊர் என்று கட்சி பிரிக்காதீர்கள். பழைய பிணக்குத்தான் கூடும். எல்லா ஊராரையும் கலந்து விடுங்கள். யுவதிகளும் ஆடட்டும். விதிகள் ஊருக்கு ஊர் சற்று மாறும். எவ்விதியைக் கொள்வதென்று அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். எம் பார்வையில் பயிற்சியின் பாதி அந்தப் பேச்சில்தான் உண்டு.

ஆட்டம் முடிந்ததும் இருத்தி, "உமக்கு வழி திறந்து விட்டவர் யார்?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அதே வாரம் அதே கட்சிகளிடம் வாய்க்கால் துப்புரவையும் கிணற்றடி திருத்துவதையும் ஒப்படையுங்கள்.