கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்

அன்புத் தம்பிக்கு,

திங்கட்கிழமை உன் முதல் பயிலரங்கு. நீ அனுப்பிய பாடக்குறிப்பைப் படித்தேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் உட்காரப்போகும் 40 கணினிகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அப்பாச்சி சேவையகமும் டேட்டாபேஸும் சேர்ந்துவரும் எக்ஸாம்ப்பை அவர்களையே இறக்கிக்கொள்ளச் சொல்லிவிடாதே. நிறுவல் கோப்பு ஏறத்தாழ 150 எம்பி. 40 பேரும் ஒரே நேரத்தில் இறக்கினால் 6 ஜிபி. கல்லூரி இணையம் அங்கேயே படுத்துவிடும். பென் டிரைவில் எடுத்துப் போ. சி டிரைவில் நேராக நிறுவு. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்தால் அனுமதி இல்லை என்று விண்டோஸ் வம்பு செய்யும்.

அப்பாச்சி பச்சை காட்டியதும் எழுந்துவிடாதே. நீ நிர்வாகியாக நுழைந்திருக்கிறாய், அவர்கள் மாணவர் கணக்கில் நுழைவார்கள். அதே கணக்கில் நுழைந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு கோப்பை எழுதிச் சேமித்து உலாவியில் திறந்து பார். நோட்பேடில் எழுதினால் கோப்புப் பெயருக்குப் பின்னால் ஒரு .டிஎக்ஸ்டி சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அதைக் காட்டாது. காட்டும்படி முதலிலேயே மாற்றிவை. சில கணினிகளில் 80ஆம் போர்ட்டை விண்டோஸின் சொந்தச் சேவையகமான ஐஐஎஸ் பிடித்துவைத்திருக்கும், அப்பாச்சி எழவே எழாது. 8080க்கு மாற்றுவதென்றால் எல்லாவற்றிலும் மாற்று. ஆளுக்கொரு முகவரி சொன்னால் உன் தொண்டைதான் போகும்.

இனி என் கதை. ஒரு கல்லூரியில், மதியச் சாப்பாடு முடிந்த நேரம், கரண்ட் போனது. யுபிஎஸ் இருந்தது, பேட்டரிதான் செத்திருந்தது. கரண்ட் வந்து பார்த்தால், காலை முழுக்கக் கட்டிய டேபிள்களில் ஒன்றுகூட இல்லை. டேட்டாபேஸே இல்லை. எக்ஸாம்ப் மட்டும் புத்தம் புதிதாக நிற்கிறது. ஏதோ பழுதென்று அரை மணி நேரம் லாக் கோப்புகளைத் துழாவினேன். பழுதெல்லாம் இல்லை. கணினியை அணைத்து எழுப்பினால் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும் மென்பொருளை அங்கே போட்டிருந்தார்கள். வைரஸுக்குப் பயந்து போட்டது, நியாயம்தான். எக்ஸாம்ப்பை நிறுவிய பிறகு அந்தப் பூட்டைப் போட்டவர் லேப் உதவியாளர். நான் துறைத்தலைவரோடு மூன்று முறை பேசியிருந்தேன், அவரோடு ஒரு முறைகூடப் பேசவில்லை.

உன் ஆய்வகத்திலும் அப்படியொரு பூட்டு இருந்தால், பயிலரங்கு முடியும்வரை திறந்துவைக்க லேப் உதவியாளரிடம் சொல். அப்படியும் நம்பாதே, தேநீர் இடைவேளைக்கு முன் எல்லோரையும் பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் எடுத்துக்கொள்ள வை.

தமிழில் பெயர் சேமித்துக் காட்டப்போகிறாய் அல்லவா? கட்டுப்பாட்டுப் பலகையில் மைஎஸ்க்யூஎல் என்றிருந்தாலும் எக்ஸாம்ப்புக்குள் ஓடுவது மரியாடிபி. டேபிளின் எழுத்துத்தொகுதி லத்தீன்1 என்றிருந்தால் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் வரும். யுடிஎஃப்8 என்று கொடுத்தால் தமிழ் தப்பித்துவிடும், ஏனென்றால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். அங்கே யுடிஎஃப்8 என்ற பெயரில் இருப்பது 3 பைட்டுக்கு மேல் தாங்காது. எவனாவது பெயருக்குப் பக்கத்தில் ஒரு இமோஜி போடுவான், கட்டாயம் போடுவான், அது 4 பைட். யுடிஎஃப்8எம்பி4 என்று கொடு.

ஞாயிறு மாலை ஆய்வகத்தைத் திறந்துவிடச் சொல். சாவி அங்கேயும் லேப் உதவியாளரிடம்தான் இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்