எழுத்தும் வேண்டும், கதையும் வேண்டும்

எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை, ‘என்ன படிச்ச?’ என்றால் விழிக்கிறது. பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை, புதுச் சொல்லைக் கண்டால் நின்றுவிடுகிறது. கல்வராயன்மலையில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து, அவரவர் நிலையறிந்து கற்பிக்கச் சொல்கிறது. வீட்டிலும் கைகொடுக்கலாம்.

1. 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்காதீர்கள். ட, ப, ம எழுத எளியவை. ஒரு புள்ளி வைத்தால் ‘படம்’ வந்துவிடும். ர சேர்ந்தால் ‘மரம்’.

2. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் நல்ல வகுப்பு. ‘வெள்ளிமலை’ என்ற பலகையில் ளி, லை இரண்டும் உண்டு. ல-வுக்கு நுனிநாக்கு பல்லுக்குப் பின்னால் தொடும். ள-வுக்கு மடங்கி அண்ணத்தைத் தொடும். ‘மழை’யில் வரும் ழ-வுக்கு எங்கும் தொடாது. சொல்லிப் பார்க்கட்டும். ‘கள்ளக்குறிச்சி’யில் எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணினால் எட்டு.

3. ‘வெ’யைப் பிள்ளை ‘எவ’ என்று படித்தால் திட்டாதீர்கள். கொம்பை முன்னால் எழுதுகிறோம், காதில் விழுவதோ ‘வ்’ முதலில். கண்ணில் பட்ட வரிசையில்தான் அது படிக்கிறது. கொம்பையும் வ-வையும் ஒரே கட்டத்துக்குள் எழுதி, ‘இது ஒரே எழுத்து’ என்று காட்டுங்கள்.

4. நோட்டு இல்லையா? முறத்தில் சாமையைப் பரப்பி விரலால் எழுதட்டும்.

5. நான் பெரிதும் நம்புவது இதை. பிள்ளை சொல்வதை அப்படியே எழுதிக் கொடுங்கள். ‘ஆயா கிழங்கு புடுங்குச்சு.’ தன் வாயிலிருந்து வந்த வரி என்பதால் திக்காமல் படிக்கும். மறுநாள் பக்கத்திலேயே ‘பாட்டி கிழங்கு பிடுங்கினார்’ என்று எழுதி, எந்தெந்த எழுத்து மாறியது என்று தேடச் சொல்லுங்கள். வீட்டுப் பேச்சைத் தப்பு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது; சொன்னால் அந்தப் பிள்ளை வகுப்பில் வாயே திறக்காது.

6. படிக்கத் தெரியாத அம்மாவும் உதவலாம். பிள்ளை படிக்கும்போது நடுவில் நிறுத்தி, ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்டால் போதும். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருந்தால், ராத்திரி போனில் அவருக்கு மூன்று வரி படித்துக் காட்டட்டும்.

7. உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து இரண்டு வரிக் கடிதம் அனுப்புங்கள். ‘வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு, பேர் நீதான் வைக்கணும்.’ பதில் எழுதாமல் இருக்காது.