குழந்தைக்குக் குரோஷா முயல்

பலர் கை கூடினால் சிறு கைவேலையும் பெரிதாகும். சென்னையில் ‘மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் தாங்கள் பின்னிய துண்டுகளை இணைத்து, 2016-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக விரித்துக் கின்னஸ் சாதனை புரிந்தனர். அதே கொக்கி ஊசியால் குழந்தைக்குப் பரிசாக ஒரு முயல் பின்னலாம். முறை வருமாறு:

1. நூலை வளையமிட்டு 6 கண்ணி பின்னுக. அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்ததில் 18 ஆகப் பெருக்குக. பின்னர் பெருக்காமல் ஐந்து சுற்று பின்னி, 12, 6 எனக் குறைத்து வருக. தலைக்கு ஒன்று, உடலுக்குச் சற்றுப் பெரியதாக ஒன்று வேண்டும்.

2. சிறிய ஊசியே ஏற்றது. கண்ணி நெருங்கினால்தான் பஞ்சு வெளிவராது.

3. வாயை மூடுமுன் பஞ்சு அடைக்கவும். இலவம் பஞ்சு நனைந்தால் கட்டிபடும். துவைக்க வேண்டிய பொம்மைக்குப் பாலியெஸ்டர் பஞ்சு நன்று.

4. காதுகளைத் தனியே பின்னி, இறுகத் தைக்கவும்.

5. கண்ணுக்குப் பொத்தானோ மணியோ வைத்தல் ஆகாது. குழந்தை அதைப் பிடுங்கி விழுங்கினால் மூச்சு அடைத்து உயிருக்கே அபாயம் நேரும். கறுப்பு நூலால் கண் தைப்பதே உத்தமம்.

கொடுக்குமுன் ஒவ்வோர் உறுப்பையும் பலமாக இழுத்துப் பார்க்கவும். அசையாதிருந்தால் மட்டுமே அது குழந்தைக்குரிய பரிசாகும்.