உறைவதற்கு ஒரு தூசி வேண்டும்

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "மேகம் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் பனியாகிவிடுமே, அதில் பாலைவனத் தூசிக்கு என்ன வேலை?" அது என் மனத்தில் முள்ளாய்த் தங்கிவிட்டது. உன்னை நொந்து பயனில்லை. பாடநூல்கள் 'நீர் 0 டிகிரியில் உறையும்' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன. பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும் என்று எழுதியிருந்தால் சரி. உருகுவதற்கு யார் தயவும் வேண்டாம். உறைவதற்கு வேண்டும்.

மாசில்லாத மேகத்துளி மைனஸ் 38 டிகிரி வரைகூட நீராகவே நிற்கும். மூலக்கூறுகள் பனிப்படிக ஒழுங்கில் தற்செயலாகக் கூடும். ஆனால் அந்தக் கொத்து போதிய அளவு வளருமுன் கலைந்துவிடும். ஏதேனும் ஒரு திடப்பரப்பு அதைப் பிடித்து நிறுத்தினால்தான் மைனஸ் 15, 20 டிகிரியிலேயே துளி உறையும். அந்தப் பரப்பைச் சகாரா, கோபி பாலைவனங்கள் டன் கணக்கில் வானத்துக்கு அனுப்புகின்றன. சாட் நாட்டுப் போடெலே பள்ளத்தில், திபெஸ்தி, என்னெடி மலைகளுக்கு இடையே நெருக்கப்பட்டு வேகமெடுக்கும் காற்று, வற்றிப்போன பழைய ஏரிப்படுகையைச் சுரண்டி எடுத்துப்போகிறது.

தூசி என்றதும் எனக்கு டார்வின் நினைவு வந்துவிடும். பரிணாமம் பற்றிய புத்தகத்தோடு அவரை முடித்துக்கொள்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. 1832 ஜனவரியில், கேப் வெர்தே தீவருகே, பீகிள் கப்பலின் பாய்மர உச்சியில் இருந்த காற்றுக்காட்டித் துணியில் வடிகட்டினாற்போல் தங்கிய பழுப்புத் தூளை அவர் பொட்டலம் கட்டி வைத்தார். பெர்லினில் எரென்பெர்க் என்ற இயற்கை அறிஞர் அதை நுண்ணோக்கியில் பார்த்து, பெரும்பாலும் நன்னீரில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகளைக் கண்டார். டார்வின் 1846-இல் வெளியிட்ட கட்டுரை சில பக்கங்கள்தான். தேடிப் படி, ஒரு பொருளை எப்படிப் பார்க்கவேண்டும் என்பது பிடிபடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாலைத் தூசியில் பெரும்பகுதி களிமண் கனிமங்கள். அதனால் பனியைத் தொடங்குவதும் களிமண்தான் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2013-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் கனிமங்களை ஒவ்வொன்றாய்ச் சோதித்தார்கள். களிமண்ணை வெகுதூரம் பின்தள்ளி முன்னே நின்றது, தூசியில் சிறுபான்மையான பொட்டாசியம் ஃபெல்ஸ்பார்! இளஞ்சிவப்புக் கிரானைட் படிக்கட்டில் ரோஜா நிறத்தில் மினுங்கும் மணிகள் இருக்கின்றனவே, அதே கனிமம்தான். 2017-இல் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் அதன்மேல் பனி முளைப்பதையே பார்த்தார்கள். படிகங்கள் கண்ட இடத்தில் முளைக்கவில்லை. வெடிப்புகளிலும் படிபோன்ற விளிம்புகளிலும் மட்டும், அதுவும் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து நின்றன. ஃபெல்ஸ்பாரின் வெளிமுகமாகப் பெரும்பாலும் தெரியாத ஒரு தளம் அந்த வெடிப்புகளில்தான் துளியளவு வெளிப்படுகிறது. என் கட்சி இதுதான், கயல்: இந்த இயலையே பாலைவனத்திலிருந்து தொடங்காமல் அந்த வெடிப்பிலிருந்து தொடங்கிக் கற்பிக்கவேண்டும். என் சக பேராசிரியர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மைனஸ் 20 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றில் பனியைத் தொடங்கவல்ல துகள் ஏறக்குறைய ஒன்றுதான் இருக்கும். அதே லிட்டரில் மேகத்துளிகள் லட்சம் இருக்கலாம். லட்சத்தில் ஒன்று என்ன செய்துவிடும் என்று கேட்பாய். பனிமேல் நிலைக்கும் ஆவியழுத்தம் குளிர்ந்த நீர்மேல் நிலைப்பதைவிடக் குறைவு. ஆகவே அந்த ஒரு படிகம் ஆவியை வாங்கிப் பெருக்க, சுற்றியுள்ள துளிகள் ஆவியாகி வற்றும். கனத்த படிகம் கீழே இறங்கும், வழியில் உருகினால் மழை. 1911-இல் இதைச் சொன்னவர் வேகனர். ஆம், கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னாரே, அவரேதான்.

அப்படியானால் தூசி கூடக்கூட மழையும் கூடும் என்று உடனே முடிவுகட்டாதே. மைனஸ் 38-க்கும் கீழான உயர்ந்த கீற்று மேகங்களில் கதை தலைகீழ். அங்கே தூசி இல்லாவிட்டாலும் நுண்ணிய கரைசல் துளிகள் தாமாகவே கூட்டமாய் உறையும். தூசி முந்திக்கொண்டு ஆவியைப் பிடித்தால் அந்தக் கூட்டம் உறையவே வாய்ப்பில்லாமல் போகலாம். படிகங்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவில் பெருக்கும். ஆனால் தூசி மிகுந்துவிட்டால் வேறு கூத்து. சகாராத் தூசி ஐரோப்பாவுக்கு ஏறும் நாட்களில் வானிலை முன்னறிவிப்பு மாதிரிகள் எதிர்பாராத அடர்ந்த பனிமேகம் வானத்தை மூடுகிறது. பகல் வெப்பக் கணிப்பும் சூரிய மின்சாரக் கணிப்பும் ஒருசேரத் தவறுகின்றன.

தூசி காற்றில் வரும் வழியில் அதன்மேல் கந்தக அமிலம் படிந்தால் ஃபெல்ஸ்பாரின் திறமை மங்குகிறது. ஆலைப்புகை நிறைந்த சீனக் கரையைக் கடந்து பசிபிக்குக்குப் போகும் கோபித் தூசிக்கு என்ன நேரும்? அடுத்த கடிதத்தில் யோசித்து எழுது. பாடநூலைப் பார்த்து எழுதாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்